பகலில் பார்த்த வீடு

கிளென் ஈடன், குசினி மேசை
சனி காலை, 20.3.1999

இஞ்சேருங்கோ,

நீங்கள் விடிய முதலே வேலைக்குப் போய்விட்டீர்கள். பக்கத்து வீட்டு லூசியா என்னை ரயிலுக்குக் கொண்டுபோய் விடுகிறாள். வேலை முடிந்து நீங்கள் வரும்வரை பிள்ளை சுதர்ஷிகா அவள் வீட்டில் இருப்பாள். அடுத்த ஞாயிறு இரவுதான் திரும்பி வருவேன். தங்கச்சி அஞ்சலினாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வெலிங்டனில் அவளுக்குப் பத்தியக் கறி காய்ச்சிக் கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை. கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது. ஆனால் போவது அதற்காக அல்ல.

நேற்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படுத்துவிட்டேன். “இந்தப் பழைய பலகை வீட்டில அப்பிடி என்ன கிடக்கு?” என்று கேட்டீர்கள். வெஸ்ட்கேட் பக்கம் எழும்பியிருக்கிற புது வீட்டுக்கு, என்னை ஒரு சொல் கேட்காமல், ஏஜென்டிடம் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வீட்டுக்காரர் பாஸ்கரன், “இந்த வீட்ட விக்கப் போறேங்க, நீங்க வாங்கறதா இருந்தா மொதல்ல உங்களுக்குத்தான்” என்று சொல்லி எவ்வளவு காலம்! அவருக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள். வெளிச்சத்தில் இருந்ததில்லை. இருட்டோடு தொழிற்சாலைக்குப் போவீர்கள். அது முடிந்தால் ஒஃபிஸ்கள் துப்புரவாக்கும் வேலை. ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டி, சாப்பிட்டு, படுக்கை. ஞாயிறு பூசை முடிந்தால் நித்திரை. எங்களுக்காகத்தான் அந்த ஓட்டம், எனக்குத் தெரியாதா? ஆனால் கண்ணால் பாராத வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வருகிற கிழமை முழுவதும் மெஷின் மாற்றுகிறார்கள் என்று தொழிற்சாலை பூட்டு. பிள்ளைக்காக இரவு வேலைக்கும் லீவு எடுத்திருக்கிறீர்கள். பகலில் இந்த வீட்டில் இருந்து பாருங்கள். அதன் பிறகும் அந்த வீடுதான் வேண்டும் என்றால், பேப்பரை அஞ்சலினாவின் புருசனுடைய ஒஃபிஸுக்கு ஃபாக்ஸில் அனுப்புங்கள். வாய் திறக்காமல் கையெழுத்து வைக்கிறேன். இது சத்தியம்.

ரெலிபோன் எடுக்க வேண்டாம், சண்டை பிடிப்போம். எழுதுங்கள். ஃபாஸ்ட்போஸ்ட் முத்திரை மேசை லாச்சிக்குள் இருக்கிறது, மறுநாளே வந்துவிடும்.

நாளை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். மேசையில் இருக்கிற ஐஸ்கிரீம் டப்பா லூசியாவுடையது. வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து என் மானத்தை வாங்காதீர்கள்.

டோறின்


கிளென் ஈடன்
திங்கள், 22.3.1999

அன்பின் டோறின்,

உமது கட்டளைப்படி எழுதுகிறேன். அஞ்சலினாவும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன்.

ஊரில் வீட்டுப் படம் கீறிச் சம்பளம் வாங்கினவன் நான். ஒரு வீட்டைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கிழமைக் கணக்குத் தேவையில்லை. காலையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். குளியலறை யன்னல் இறுகிப் போயிருக்கிறது. முன்படியில் ஒரு பலகை ஆடுகிறது. பின்பக்கத்துப் பெயின்ட் உரிகிறது. விறாந்தைக் கதவைத் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருக்கிறது. இதை நீர் எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. இவ்வளவும் பார்த்து முடித்தபோது பிள்ளை இன்னும் பள்ளிக்கூடம் வெளிக்கிடவில்லை. மணிக்கூட்டைத் திருப்பியும் உடம்புக்கு அது விளங்கவில்லை, பழைய நேரத்துக்கே எழுப்பிவிட்டது. வேலையும் இல்லை, நேரமும் மிச்சம். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அவளை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினியில் இருந்தேன். அப்போது ஒரு காரியம் நடந்தது. வெயில் உள்ளே வந்தது. இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அது எங்கள் சிங்கின் மேலால் இறங்கி, நிலத்தில் நடந்து, மேசைக் காலைப் பிடித்து, கடைசியில் யன்னலோரக் கதிரையில் ஏறி இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னது? அந்த ஒரு கதிரைக்கு மட்டும் ஏன் மெத்தை தைத்துப் போட்டிருக்கிறீர் என்று எனக்கு இன்றுதான் விளங்கியது. நானும் அதில் போய் இருந்தேன். தேத்தண்ணியைச் சூடாகவே குடித்து முடித்தேன். கடைசியாக எப்போது அப்படிக் குடித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

ஒரு கதிரை வெயிலுக்காக யாரும் வீடு வாங்குவதில்லை. அதையும் சொல்லி வைக்கிறேன்.

பின்வளவு ஃபீஜோவா மரம் நிறையக் காய்த்துக் கிடக்கிறது. இப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்! குருவி கொத்த முதல் ஏணி வைத்து, எட்டினவரை எல்லாவற்றையும் பறித்து அரிசிப் பெட்டிக்குள் புதைத்துவிட்டேன். நீர் வரும்போது பழுத்திருக்கும். வீட்டில் என்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

மேர்வின்


கிளென் ஈடன்
செவ்வாய், 23.3.1999

அன்பின் டோறின்,

இன்று உடுப்புத் தோய்த்தேன். சிரிக்க வேண்டாம்.

காலையிலிருந்து நல்ல காற்று, மழைக்கோலமும் இல்லை. நான் ஷேர்ட்டைத் தோளில் பிடித்துக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். லூசியா வேலியடிக்கு வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷேர்ட்டைத் தலைகீழாகத்தான் மாட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் தோளில் கொம்பு முளைத்துவிடுமாம். எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டினேன். பிறகு வேலை ஒன்றும் இல்லாமல் அங்கேயே நின்றேன். குடைக்கம்பி போல விரிந்த கொடி காற்றுக்குச் சுற்றுகிறது, படுக்கை விரிப்பு ஊதி எழும்புகிறது, பிள்ளையின் சின்னக் காலுறைகள் வரிசையாக ஆடுகின்றன. ஒரு பெரிய மனிதன் பின்வளவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தொழிற்சாலையில் தெரிந்தால் என்னை விட்டுவைக்க மாட்டார்கள்.

பின்னேரம் எடுத்து மடிக்கும்போது தலையணை உறையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலையணையில் ஒரு மணம் வரும். அதைச் சவர்க்காரத்தின் மணம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இது வெயிலும் காற்றும். என் ஒரே ஓய்வு நாளுக்காகச் சனிக்கிழமை தோறும் நீர் அதைத் தோய்த்து வெளியே போட்டிருக்கிறீர். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மூன்று மணிக்குப் பிள்ளையைக் கூட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேற்றடியில் என்னைக் கண்டதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “டாட், ஆர் யூ சிக்?” என்று கேட்டாள். வருத்தம் வந்தால்தான் அப்பா பகலில் வெளியே தெரிவார் என்பது அவளுடைய எண்ணம். எனக்கு அது பெரிய அடியாகப் போய்விட்டது. மூலைக் கடை டெய்ரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு பேருக்கும் ஐஸ்புளொக் வாங்கினேன். தின்றுகொண்டே நடந்து வந்தோம். வழி முழுவதும் அவள் இங்கிலிஷில் கதைத்தாள், நான் தமிழில் ம் கொட்டினேன். ஒரு குறையும் இருக்கவில்லை.

லூசியாவின் டப்பாவைப் பொரித்த மீன் போட்டுத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உமது மானம் பத்திரம்.

அரிசிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காய்கள் இன்னும் கல்லுப் போலத்தான் இருக்கின்றன.

மேர்வின்


வெலிங்டன்
புதன், 24.3.1999

இஞ்சேருங்கோ,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலில் சண்டை, பிறகு மற்றது.

ஐயோ, மரம் முழுவதையும் பறித்துவிட்டீர்களா? ஃபீஜோவாவைப் பறிக்கவே கூடாது. அது தானாக விழ வேண்டும். விழுகிற நாள்தான் பழுக்கிற நாள். பச்சையாகப் பறித்தால் பெட்டிக்குள் வைத்தாலும் சரி, நெஞ்சுக்குள் வைத்தாலும் சரி, அது பழமாகாது. வாழைக்குலைக்குப் புகை போட்டுப் பழுக்க வைத்த கை, சும்மா இருக்குமா? மாசி மாதத்திலிருந்து அந்த மரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்திருந்தேன். இந்த வருடம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்காது. அஞ்சலினா சிரிக்கிறாள். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது, பிறகுதான் சிரிப்பு.

ஏஜென்டிடம் ஓம் சொன்னதும் இதே அவசரக் கைதான். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

அந்தக் கதிரை என்னுடையது. நீங்கள் அதில் இருந்தீர்கள் என்று வாசித்தபோது, கள்ளமாய் வைத்திருந்த இனிப்பை யாரோ கண்டுபிடித்த மாதிரி எனக்கு ஒரு பொறாமை வந்தது. பகலில் எல்லாரும் போன பிறகு அந்த வெயிலில் இருந்துதான் நான் பிள்ளையின் உடுப்புக்குப் பொத்தான் தைப்பேன். இருங்கோ, பரவாயில்லை. மெத்தையில் தேத்தண்ணி சிந்தக் கூடாது.

இங்கே காற்று ஆளைத் தள்ளுகிறது. அஞ்சலினாவின் பிளாட் மலைச்சரிவில் நிழலுக்குள் இருக்கிறது; குழந்தையின் துணி எல்லாம் ஹீற்றருக்கு முன்னால்தான் காய்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். தலையணை உறை வந்த இடத்தில் என்னால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. அஞ்சலினா வாங்கி வாசித்து முடித்தாள். “அக்கா, அத்தான் இப்பிடியெல்லாம் எழுதுவாரோ?” என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்று சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். ஏன் அந்தப் புது வீடு? யாருடைய வீடு குடிபூரலில் யார் என்ன சொன்னார்கள் என்ற கதை வேண்டாம், அது உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்.

மரத்தின் உச்சியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

டோறின்


கிளென் ஈடன்
வியாழன், 25.3.1999

அன்பின் டோறின்,

உமது கடிதம் பத்து மணிக்கு வந்தது. உமது கதிரையில் இருந்துதான் வாசித்தேன். மெத்தையில் ஒன்றும் சிந்தவில்லை.

ஃபீஜோவா விஷயத்தில் நான் நேற்றே குற்றவாளியாகிவிட்டேன். காலையில் பின்படியில் இருக்கும்போது தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஈரப் புல்லுக்குள் போய்ப் பார்த்தால், ஏணிக்கு எட்டாத உச்சியிலிருந்து ஒன்று விழுந்து கிடந்தது. இரண்டாக வெட்டிக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு மணமும் புளிப்பும் இனிப்பும்! உள்ளே பெட்டிக்குள் கிடக்கிறவற்றைக் கத்தியே மறுத்துவிட்டது. லூசியாவிடம் கேட்டேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் வேலிதான் பாவம். பச்சைக் காய் எல்லாவற்றையும் சட்னிக்கு என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உச்சியில் இன்னும் ஒரு பிடி மிச்சம் இருக்கிறது. உமக்குத்தான். ஏணியைக் கராஜுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நேற்று இன்னொன்றும் நடந்தது. யன்னல் தட்டில் பிள்ளை வளர்க்கிற சுவான் செடி, எங்கள் எருக்கலை போலப் பால் வடிகிற அதே செடி, அதில் தொங்கிக்கொண்டிருந்த பச்சைப் புழுக்கூடு கறுத்துப் போயிருந்தது. செத்துவிட்டது என்று எறியப் போனேன். “டாட், டோன்ட் டச் இட்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் காலைச் சாப்பாட்டுப் பாணைக் கையில் வைத்தபடி நின்றோம். கூடு வெடித்தது. கசங்கின துணி போல ஒன்று வெளியே வந்து தொங்கி, மெல்ல மெல்ல விரிந்து, செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகியது. அது காயும்வரை காத்திருந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டது. வண்ணத்துப்பூச்சியால் பிந்தியது என்று ரீச்சருக்கு உள்ளதைச் சொன்னேன். அவ தலையாட்டினா. என் வாழ்நாளில் நான் எங்கேயும் பிந்திப் போனதில்லை என்பது உமக்குத் தெரியும்.

இனி உமது கேள்வி.

கொழும்பில் நாங்கள் இருந்த லொட்ஜ் அறை ஞாபகம் இருக்கிறதா? பகலிலும் பல்ப் எரிய வேண்டும். சுவரில் ஈரம். பிள்ளைக்கு நாலு வயது, ஓயாத இருமல். விசா வந்த அன்று நீர் சொன்னீர், “எனக்கு நகைநட்டு ஒண்டும் வேண்டாம், வெளிச்சமான வீடு ஒண்டு போதும்” என்று. தருவேன் என்று நான் அன்றே மனதுக்குள் முடிவெடுத்தேன். அதற்காகத்தான் இரண்டு வேலை, அதற்காகத்தான் அந்த ஏஜென்ட். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் வீடு என்ற சொல்லை மட்டும் கொண்டு ஓடியிருக்கிறேன். வெளிச்சம் என்ற சொல் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை அந்தக் கதிரையில் வெயில் ஏறினபோதுதான் திரும்பக் கிடைத்தது.

உமது கடிதத்தை வாசித்ததும் வெஸ்ட்கேட்டுக்குப் போனேன். ஏஜென்ட் நல்ல மனிதர், அவரில் ஒரு குறையும் இல்லை. வீடும் நல்ல வீடுதான். புதுக் காபெற், இரண்டு கார் நிற்கிற கராஜ், ஆடாத படி. குசினிக்குள் போனோம். மத்தியானம், வெளியே எறிக்கிற வெயில், அவர் லைட்டைப் போட்டார். அந்தக் குசினி தெற்கே வேலியைப் பார்த்து இருக்கிறது. படத்தை நான் எத்தனை தரம் பார்த்தேன், திசையைப் பார்க்கவில்லை. படம் கீறினவன்!

அங்கே நின்று நான் கேட்டேன், “உடுப்பு எங்கே காயப் போடுகிறது?” என்று. கராஜுக்குள் டிரையருக்கு இடம் இருக்கிறதாம். வெளியே தெரிகிற மாதிரிக் கொடி கட்டுவதற்கு அந்தத் தெருவில் அனுமதி இல்லையாம். கேள்வி வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. அது நான் கேட்கிற கேள்வி இல்லை, டோறின். அது நீர் கேட்கிற கேள்வி. அவருக்குக் கை கொடுத்து, மன்னிக்க வேண்டும், எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்கரனுக்கு ரெலிபோன் எடுத்தேன். இந்த முறை ஓம் என்று சொல்லவில்லை. “எனக்கு விருப்பம். ஆனால் மனுசி ஞாயிறுதான் வருவா, அவவைக் கேட்டுத்தான் கடைசிச் சொல்” என்றேன். “அதாங்க சரி, வீட்ல கேக்காம வீடு வாங்க முடியுமா?” என்றார் அவர். இந்த வீட்டை வாங்கினால் மோர்ட்கேஜ் சின்னது. இரவு வேலையை விட்டுவிடலாம். நாலு மணிக்கே வீட்டில் இருப்பேன். உமக்கு அது தொல்லையாக இருக்குமோ தெரியாது.

இந்தப் பலகை வீட்டில் அப்படி என்ன கிடக்கிறது என்று கேட்டவன் நான். இத்தனை காலமும் ஒரு ஆளாக நின்று இந்த வீட்டை இப்படி வைத்திருந்திருக்கிறீர். உம்மை நினைக்க எனக்கு அதிசயமாக இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

மேர்வின்

விறாந்தைக் கதவைச் சீவிச் சரிப்பண்ணிவிட்டேன். இனித் தூக்கிப் பூட்ட வேண்டாம்.


வெலிங்டன்
வெள்ளி, 26.3.1999

இஞ்சேருங்கோ,

தபால்காரர் தந்த இடத்திலேயே, காற்றுக்குள் நின்று வாசித்தேன். கடதாசி பறந்துவிடும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்றே நான் ஒரு பேனையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். ஃபாக்ஸ் வந்தால் உடனே கையெழுத்து வைக்க வேண்டும் என்றுதான். தோற்றுப்போனேன் என்று அல்ல. செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். தலையணை உறையை முகத்தில் வைத்துப் பார்க்கிற மனுசனோடு எந்த வீட்டிலும் இருக்கலாம் என்று தோன்றியது. தெற்குப் பார்த்த குசினியில்கூட. உங்களுக்கு அது இனித் தேவைப்படாது, ஆனால் தெரிந்திருக்கட்டும்.

பாஸ்கரனுக்கு ஓம் என்று சொல்லுங்கோ. என்னைக் கேட்டாயிற்று.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தொல்லைதான். அந்தத் தொல்லைக்கு இன்னொரு மெத்தை தைக்கிறேன். என் கதிரையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்தும் ஃபீஜோவா விழுகிற சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில் போய்ப் பொறுக்குவேன், அவ்வளவுதான். ஒரு கிழமை இருந்த நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதை நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆத்திரம், நிறையப் பெருமை.

ஞாயிறு குருத்தோலைத் திருநாள், காலைப் பூசையில் எனக்கும் ஒரு ஓலை வாங்கி வையுங்கோ. பிள்ளைக்கு இரவில் போர்வை போதுமா என்று பாருங்கோ, குளிர் தொடங்கப் போகிறது.

ரயில் வந்து சேர இருட்டிவிடும். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், லூசியா கூட்டிக்கொண்டு வருவாள், அவளிடம் கதைத்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கோ. இவ்வளவு காலமும் இரவில் நீங்கள் வெளியே நின்று தட்டுவீர்கள், நான் போய்த் திறப்பேன். ஞாயிறு நான் தட்டுவேன். கைப்பைக்குள் வீட்டுத் திறப்பு இருக்கிறது, ஆனாலும் தட்டுவேன். நீங்கள் லைட்டைப் போட்டுவிட்டு வந்து எனக்குக் கதவைத் திறவுங்கோ.

டோறின்